உன் அம்மாவுக்கு நான் எடுத்துக்கொடுத்த பதில்கள்

அடையாறு,
திங்கள், முற்பகல், மின்னஞ்சல் வழி

அன்பு மகன் சேரனுக்கு,

நீ அங்கே நலமென்று நம்புகிறேன். இங்கும் அப்படியே என்றெழுத இன்று என் கை துணியவில்லை. ஊராருக்காக முறை கேட்டு மேடையேறியே நரைத்தவன் நான். இன்று உன் ஒருவன் முன் ஒரே முறையீட்டோடு நிற்கிறேன், அந்த முறையீடும் என் மேலேயே. உன் அம்மாவின் மருத்துவத்தில் நான் பொய்யைக் கலந்துவிட்டேன்.

குருதிப் புற்றுக்காக அவள் உடலின் அணுக்களை எடுத்து, மாற்றி, மீண்டும் ஏற்றினார்கள் அல்லவா, அதன் ஐந்தாம் நாள் சனிக்கிழமை. இந்த மருத்துவம் சிலருக்கு மூளையைத் தாக்கும், பேச்சும் எழுத்தும்தான் அதை முதலில் காட்டிக்கொடுக்கும், ஆகவே நாள்தோறும் கேள்வி கேட்பார்கள், அம்மாவே பதில் சொல்ல வேண்டும் என்று எடின்பரோவிலிருந்து நீ படித்துப் படித்துச் சொன்னாய். அதையே ஆராய்கிறவன் நீ. நானோ அதைத் தேர்வாகவே எண்ணினேன், தேர்வென்றால் உன் அம்மா தேவானை தோற்கலாகாது என்றும் எண்ணினேன். நாற்பது ஆண்டுகள் மயிலை மாங்கொல்லைக் கூட்டங்களில் முதல் வரிசையில் அமர்ந்து, நான் சொல் மறந்து தடுமாறிய போதெல்லாம் ஒலியின்றி உதடசைத்து அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தவள் அவள். பின்னால் இருந்த ஆயிரம் பேருக்கும் அது தெரியாது. சனிக்கிழமை காலை செவிலியர் மரியசெல்வம் தாளோடு வந்து இது எந்த ஊர் என்று கேட்டார், அவள் விழித்தாள், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் உதடசைத்தேன். சென்னை என்றாள். மாதம் கேட்டார், அசைத்தேன். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொன்னார், அறுபதில் நின்றாள், அசைத்தேன். எழுதிய வரி கோணியபோது கண்ணாடி போடவில்லை என்று நானே காரணமும் சொன்னேன். வியர்த்து நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து அந்தப் பட்டினப்பாக்கத்துப் பிள்ளை, "இன்னா நைனா, பரிச்ச அம்மாவுக்கா, உனுக்கா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பத்துக்குப் பத்து என்று எழுதிப் போனார்.

நண்பகலில் கரண்டியைக் கையில் பிடித்தபடி அது இன்னதென்று அறியாமல் பார்த்திருந்தாள், மாலைக்குள் பேச்சே நின்றது. மருத்துவர் மதுமதி தாளைப் புரட்டி, "காலைல ஃபுல் மார்க், இப்போ பேச்சே இல்லையா? இவ்ளோ திடீர்னு வந்தா ஸ்ட்ரோக்கா இருக்குமோ?" என்று மூளையைப் படமெடுக்க அனுப்பினார். என் பொய்யை நம்பி வேறு நோயைத் தேடி ஓடினார்கள், சேரா. ஒலிபெருக்கி இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் என் குரல் அந்த அறையில் எழவில்லை. ஞாயிறு காலையில்தான் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே மருந்து ஏத்தியிருப்பேனே, அங்கிள்" என்றார், அவ்வளவே. பத்தை அடித்துவிட்டு, நடந்ததை அருகில் எழுதி, என்னையும் கையொப்பமிடச் செய்தார். அந்தத் தாள் ஆய்வுக்கும் போகிறதாம், பொய்யான மதிப்பெண் அடுத்து வரும் நோயாளியையும் ஏமாற்றுமாம். மருந்து நேற்று முதல் ஏறுகிறது. இன்று கண் திறந்தாள், என் விரலைப் பற்றினாள், சொல் மட்டும் வரவில்லை. இதே மருந்து போதுமா, இன்னும் வலியதற்குப் போக வேண்டுமா என்பதை இன்று மாலை நான்கு மணிக்குக் கேட்கும் கேள்விகள்தாம் முடிவு செய்யும்.

அங்கே குளிர் கூடியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலை உணவைத் தள்ளிப்போடாதே. நீ தொட்ட பணி துலங்கட்டும், நீடு வாழ்க. ஆனால் உங்கள் ஆய்வில் கேள்வி கேட்கும்போது உறவினரை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். அதை இன்றே விதியாக எழுதிவை, தேவையெனில் உன் தந்தையின் பெயரையே சான்றாகக் காட்டு. உன் கடிகாரத்தில் பத்தரைக்கு எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் காணொளியில் வா. முதல் கேள்வியை நீ கேட்க மருத்துவர் இசைந்திருக்கிறார். நான் கதவுக்கு அப்பால் நிற்பேன். என் பெயர் என்னம்மா என்று அவளைக் கேள். எவ்வளவு நேரமானாலும் காத்திரு. அவள் பதில் தெரியாமல் விழிப்பதைக் கண்டு உன் உதடு துடிக்கும். அசைக்காதே.

உன் தந்தை,
அங்கமுத்து