ஆலங்கலட்டி ஆறு

வெம்பிளி
20 ஓகஸ்ட்

அன்பு மகள் தனுஷியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டு பயப்படாதே, வீட்டில் எல்லாரும் சுகம். உன் முகாமில் போன் எடுக்காதாம், சாமான் கொண்டுவரும் சின்ன விமானத்தில்தான் கடிதம் வருமாம் என்று அம்மா சொன்னா.

நான் ஒரு விசர் வேலை பார்த்துவிட்டேன். கனடாவின் வடகோடியில், வரைபடத்தில் பெயரே இல்லாத ஆற்றை நீ அளக்கிறாய், அதன் பெயரை நீதான் எழுதிக் கொடுப்பாய் என்று அம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஆடிச்செவ்வாய் அன்று வெஸ்ட் ஈலிங் கோயிலில், சாப்பாட்டு வரிசையில் நின்ற எங்கள் ஊர்ச் சனத்திடம், அது இனி எங்கள் ஊர்ப் பெயரில் 'ஆலங்கலட்டி ஆறு' என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஊர் ஒன்றியத் தலைவர் நானே சொன்னால் சனம் நம்பாதா?

மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு காணாத சனம், ஓர் ஆற்றுக்கு இப்படி அடிபடும் என்று யார் கண்டது! அவசரக் கூட்டத்தில் சண்முகராசா அண்ணை எழும்பி, ஆறு எந்தப் பக்கம் ஓடுது, மேற்கால ஓடினா அது ஆலங்கலட்டி மேற்காருக்குத்தான் எண்டு சொல்லிப்போட்டார். கிழக்கார் விடுவார்களா? வடக்கே ஓடுகிறது என்று நான் சொன்னதும் இரண்டு பகுதியும் என்மேல் பாய்ந்தது. எங்கள் ஊர் வடக்கில் வெறும் வயல், ஒரு வீடும் இல்லையாம். ஒன்றியம் இரண்டாகிவிட்டது. பெயர் வைப்பதைக் கொண்டாடும் ஆற்று விழாவுக்கு இரண்டு மண்டபம், இரண்டு பதாகை. றோஸ்மலர் அக்காவின் நடனப் பிள்ளைகள் மட்டும் இரண்டிலும் ஆடுவதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, தன் பெயருக்கு வந்த உன் கடிதத்தை அம்மா வாசித்துக் காட்டினா. கரையில் மீன் பிடிக்கும் சனம் தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றுக்கு ஒரு பெயர் சொல்லி வருகிறது, வரைபடம் கீறினவர்கள் அவர்களிடம் கேட்கவில்லை, நீ அதைத்தான் எழுதுவாய் என்று. எனக்குப் பொல்லாத கோபம். ஆனால் ஊரில் எங்கள் சந்தியில் யாரோ வந்து வேறு பெயரில் பலகை நட்டபோது, கொதித்துப்போய் ஊர் உலகத்துக்கெல்லாம் கடிதம் போட்டவன் நான். எந்த முகத்தோடு உன்னை மறிப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பகுதியையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லித் தலைவர் பதவியையும் விட்டேன். ஒருவரும் ஏசவில்லை. சண்முகராசா அண்ணை மட்டும், அப்ப உம்மட மகள் அங்க என்னதான் செய்யிறா எண்டு கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை, பிள்ளை. டொக்டருக்குப் படிக்கவில்லை என்று மூன்று வருடமாக உன்னோடு கதைக்காமல் இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

ஆற்றுக்கு அந்தச் சனத்தின் பெயரையே எழுது. ஆற்றை எப்படி அளக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய், குளிருக்கு என்ன உடுக்கிறாய், எல்லாவற்றையும் விபரமாக எழுது. அம்மனின் துணை உனக்கு எந்நாளும் உண்டு.

உறையில் இந்த முறை என் பெயரைப் போடு, மகள்.

உன் அப்பா,
சி. தில்லையம்பலம்