ஆடாத கை

மதராஸ்
29.1.1968

அன்பு மகள் ஸுல்பிகாவுக்கு, வாப்பா சொல்லி எழுதுவித்தது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்து என்னுடையது அல்ல என்று கண்டிருப்பாய். ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் நிலாவெளிக் குணரத்தினம் மாஸ்டர் இருக்கிறார். நான் சொல்ல அவர் எழுதுகிறார். என் கையில் பேனையைத் தந்தால் கடதாசி கிழியும், உனக்குத் தெரியும்.

மண்டையைப் பிளக்கிற வேலை இல்லை என்று உம்மாவிடம் சொல். தலையில் ஓர் இரும்பு வளையம் பூட்டி, எக்ஸ்ரே படம் பிடித்து, கையை ஆட்டுகிற இடம் மூளைக்குள் எங்கே என்று அளப்பார்களாம். பிறகு சின்னத் துளையால் மெல்லிய ஊசி ஒன்றை இறக்கி, அந்த இடத்துக்கு மட்டும் சூடு கொடுப்பார்களாம். மயக்கமருந்து இல்லை. நான் விழித்திருந்து கதைத்துக்கொண்டே இருக்கவேண்டும். குரலுக்குரிய இடமும் கிட்டத்தான் இருக்கிறதாம். நாக்குக் குழறினால் உடனே நிறுத்திவிடுவார்கள்.

போகவேண்டாம் என்று நீ அழுதாய். கை நடுங்குகிறது என்று நான் ஓட்டிய மூதூர் லோஞ்சுப் படகின் சுக்கானை என்னிடமிருந்து பறித்தார்கள், பொறுத்தேன். படகு ஜெட்டியில் நின்று பயணம் போகிற ஆட்களைக் கூப்பிடச் சொன்னார்கள், அதையும் செய்தேன். ஆனால் சம்பந்தியாகப் போகிற ஹிஸ்புல்லா, "நீங்க சும்மா இருங்க மச்சான், பள்ளிவாசல் லெப்பை நிக்காஹைச் செய்து வைப்பார். சபையில கை ஆடினா வடிவில்லை" என்றாரே, அதைப் பொறுக்க ஏலாது. மகளை மாப்பிள்ளையின் கைபிடித்துக் கொடுப்பது பெற்றவனுடைய உரிமை. அதை நான் லெப்பைக்கு விடமாட்டேன்.

உன் வாப்பா
ஸெய்னுதீன்

மூதூர்
8.2.1968

என் உயிர் வாப்பாவுக்கு ஸலாம்.

உங்கள் கோபம் மட்டும் கொஞ்சமும் நடுங்காமல் கடல் தாண்டி வந்து சேர்ந்தது. உம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்த மனுசன் பிடிச்சா பிடிதான்" என்று குசினிக்குள் போய் அழுதா.

ஹிஸ்புல்லா மாமாவின் கதையை ஏன் தலையில் ஏற்றுகிறீர்கள்? அவருடைய மகன் அன்ஸாருக்கு உங்கள் கையில் ஒரு குறையும் தெரியவில்லையாம். அன்ஸாரின் தங்கச்சி ரபீக்கா சொன்னாள். எனக்கு உங்கள் சத்தம்தான் பெரிது, வாப்பா. ஜெட்டியில் நீங்கள் போட்ட கூப்பாடு எங்கள் வீட்டு வளவு வரைக்கும் கேட்கும். இப்போது முஹம்மது தம்பி காக்கா கூப்பிடுகிறார். பூனைக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறது. ஆட்கள் லோஞ்சைத் தவறவிட்டு அவருக்கு ஏசுகிறார்கள்.

சரி, பிடிவாதக்காரரே, ஊசி இறக்கும்போது என்னதான் கதைக்கப் போகிறீர்கள் அங்கே? கிணற்றடியில் ஒளிந்து நின்று பாடமாக்கினீர்களே, "என் மகள் ஸுல்பிகாவை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று, அதையே சொல்லுங்கள். அது உங்களுக்குத் தூக்கத்திலும் தடக்காது. நான் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சுகமானதும் ஒரு வரியாவது உங்கள் கையால் எழுதுங்கள். அதைப் பார்த்தால்தான் நம்புவேன்.

உங்கள் மகள்
ஸுல்பிகா

மதராஸ்
24.2.1968

மகளே,

இது என் கை எழுத்து. நன்றாகப் பார். ஒரு கோடும் சரியவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைச் சிந்தாமல் தூக்குகிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

இனி மற்றதைச் சொல்கிறேன். உம்மாவுக்கு மெல்ல வாசி.

ஊசியை இறக்கிவிட்டு டொக்டர், "பேசுங்க பெரியவரே" என்றார். நீ சொல்லித் தந்ததையே சொன்னேன். "என் மகள் ஸுல்பிகாவை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்." உடனே அவர், "சரி, சரி" என்றார். பக்கத்தில் படம் பிடிக்கிறவர் ஒருவர், இன்னொரு டொக்டர். சாட்சிக்கு நிற்கிற மாதிரி இரண்டு ஆண்கள். பெற்றவன் தந்தேன் என்று சொல்லி, சாட்சிகள் முன்னால் ஒருவன் சரி என்றால், விளையாட்டாகச் சொன்னாலும் நிக்காஹ் நிக்காஹ்தான் என்று லெப்பை எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! யா அல்லாஹ், பிள்ளையை யாருக்கோ கொடுத்துவிட்டேனே என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். "பேசுங்க, பேசுங்க" என்றார்கள். தலையை அசைக்க வழியில்லை. எனக்கு ஒன்றுமில்லை, ஓம் என்று கண்ணால் காட்டினேன். களைத்துப்போனேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த நேரம்தான் சூடு கொடுத்தார்கள்.

திரும்ப வாயைத் திறந்தபோது கையின் ஆட்டம் நின்றிருந்தது. ஆனால் வாயில் சத்தம் இல்லை. காற்றுத்தான் வருகிறது. கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டொக்டர். அவர்மேல் பிழை இல்லை.

ஹிஸ்புல்லா சொன்னபடியே ஆகட்டும். லெப்பை செய்து வைக்கட்டும். சபையில் நான் ஊமையாக உட்கார ஏலாது. கலியாணம் முடிந்த பிறகு வருகிறேன்.

வாப்பா

மூதூர்
5.3.1968

வாப்பா,

உங்கள் எழுத்தைக் கண்டதும் கத்திக்கொண்டு உம்மாவிடம் ஓடினேன். பாதி வாசித்த பிறகு தாளை மடித்து மடியில் வைத்தேன். அந்த வார்த்தையைச் சொல்லுங்கள் என்று பகிடியாக எழுதியது நான்தானே! என் வாயில் மண் விழ.

லெப்பையிடம் போய்க் கேட்டேன். முதலில் சிரித்தார். "அதெப்படி நிக்காஹ் ஆகும்? மார்க்கத்தில இல்லாத ஆள், சாட்சியும் இல்ல" என்றார். பிறகு கண்ணைத் துடைத்தார். பேச ஏலாத வாப்பா எழுத்தால் கொடுக்கலாமாம், சைகையாலும் கொடுக்கலாமாம். நீங்கள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தால் போதும், உங்கள் எழுத்தை அவர் சபைக்கு வாசிப்பார்.

இதை ரபீக்கா மூலம் கேட்ட அன்ஸார் தன் வாப்பாவிடம் சொல்லிவிட்டார். ஹிஸ்புல்லா மாமா தலைகுனிந்து வந்து, நீங்கள் வரும்வரை பொறுப்போம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கலியாண நாளைத் தள்ளிவைத்துவிட்டோம். நீங்கள் வராமல் என்னிடம் சம்மதம் கேட்க வந்தால் நான் ஓம் சொல்லமாட்டேன். லெப்பை கேட்டாலும் சொல்லமாட்டேன். உங்கள் பிடிவாதம்தான் எனக்கும் இருக்கிறது.

ஸுல்பிகா

மதராஸ்
14.3.1968

என் மகளுக்கு,

வருகிறேன். இராமேஸ்வரத்தில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் ரயில் பிடித்து, திருகோணமலையிலிருந்து நம்முடைய லோஞ்சில் வருவேன்.

சபைக்கு வாசிக்கவேண்டியதை இத்துடன் வேறு தாளில் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளையின் பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், பார். வழியில் தபால்காரன் உடைத்து வாசித்துவிட்டு "சரி" என்று சொல்லிவிட்டால்? ஒரு தரம் பட்டது போதும். அன்ஸாரின் பெயரை அவர் முன்னால் இருந்து என் கையால் எழுதுவேன்.

நீ பகிடி செய்ததால் வந்தது என்று இனி ஒருநாளும் நினையாதே. அந்த மேசையில் படுத்திருந்தபோது என் சத்தத்தால் கடைசியாகச் சொன்னது உன் பெயர். எனக்கு அது நிறைவுதான்.

ஜெட்டிக்கு வா. கூப்பாடு கேட்கும் என்று வளவில் காத்திராதே. லோஞ்சு கரையை அணையும்போது கையை உயர்த்திப் பிடிப்பேன். அது ஆடாது. யாரோ அந்நியன் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே மகளே.

உன் வாப்பா
ஸெய்னுதீன்