நீ மிச்சம் வைத்த பாட்டு

மச்சாள்,

இன்றைக்குப் பின்னேரம் இங்கே கம்பஸ் விடுதியில் பக்கத்து அறைப் பெண் தன் ரேப் ரெக்கோடரில் ஒரு கசெற்றைப் போட்டாள். கிற்றார் சத்தம் கேட்டதும், கட்டிலில் இருந்தபடியே என் வலது கால் நிலத்தை அழுத்தத் தொடங்கிவிட்டது. நம்மிடம் இருந்த அதே கசெற்! ஆனால் பாட்டு ஓட்டமாக ஓடியது. மெசின் பிழையோ என்று கேட்டேன். இதுதான் சரியான வேகம் என்று அவள் சிரித்தாள். அதற்குமேல் கேட்க எனக்கு வெட்கம்.

அந்த மனிதர் அழவேயில்லை மச்சாள். உற்சாகமாகப் பாடுகிறார். இத்தனை காலம் நாம் கேட்ட அழுகை என் கால் களைப்புத்தான்.

உனக்கு நினைவிருக்கும். வாவிக்கு மேற்கே நம் பக்கம் கரண்டும் இல்லை, பற்றரி கொண்டுவரவும் ஆமிக்காரர் விடமாட்டார்கள். உன் அக்கா குவைத்திலிருந்து ரேப்பை அனுப்பியபோது அதற்குள் இருந்தது அந்த ஒரேயொரு ஆங்கிலக் கசெற். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவில் வயரைக் கொழுவினால்தான் பாடும். மிதிப்பது எப்போதும் நான். நெல் மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வது நீ. கேட்டால், "கம்பசுக்குப் போற கால்தானே, மிதி" என்பாய்.

நான் களைத்தால் பாடுகிறவரின் குரல் தடித்து இழுபடும். "கெதியா மிதி புள்ள, மனிசன் அழுறான்." கெதியாக மிதித்தாலும் குற்றம். "இப்ப என்னத்துக்கு ஓடுறான்? கொஞ்சம் அழ விடு கா."

பாட்டுக்குப் பொருளும் நானே சொல்ல வேண்டும். எனக்கும் விளங்கவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்கிறார் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்லிவைத்தேன். "இன்னும் போய்ச் சேரல்லியா?" என்று கேட்டாய்.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு வரும்போதெல்லாம் கையை நீட்டி நிறுத்திவிடுவாய். "அது கிடக்கட்டும். கரண்ட் வரட்டும். அண்டைக்கு நீயும் கண்ணை மூடிக்கொண்டு கேக்க வேணும்." நான் மிதிக்கிறேன், கேள் என்று எத்தனை தடவை சொன்னேன். நீ பிடித்த பிடி.

அந்த மாரிமழைக் காலத்தில் உனக்குக் காய்ச்சல். வாவியைக் கடக்கும் படகுத் துறையை ஆமிக்காரர் மூடியிருந்தார்கள். நாளைக்குத் திறந்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று மாமி உன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். விடியுமுன் நீ போய்விட்டாய். ஒரு பாட்டுக்காகக் கரண்ட் வரும்வரை பொறு என்றவளுக்கு, ஒரு படகு வரும்வரை பொறுக்க முடியவில்லை.

இன்றைக்கு அந்தக் கடைசிப் பாட்டும் வந்தது. எழுந்து போய்விட நினைத்தேன், போகவில்லை. நீ சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டேன். கால் மட்டும் நிற்கவில்லை.

நல்ல பாட்டு, மச்சாள். எப்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். நான் மிதிக்கிறேன் என்ற அன்றைக்கே நீ கேட்டிருக்க வேண்டும்.