மேல்கோடு

ஜூன் 4
ஆலைக்கான புதுக் கோபுர வேலை எங்கள் இருவர் தலையில் விழுந்திருக்கிறது. கலவையைக் காய்ச்சி, ஆவியை மேலே ஏற்றி, கரைப்பானைத் தனியே பிரிக்க வேண்டும். உள்ளே எத்தனை தட்டு வைப்பது என்று தெரிய வரைபடத்தாளில் இரண்டு இயக்கக் கோடுகள் வரைய வேண்டும். மேல்கோடு என் வீட்டுக்காரருக்கு, கீழ்கோடு எனக்கு. கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போட்டுத் தரும். இவருக்கோ கையால் வரைந்து பார்த்தால்தான் நிம்மதி. "ரெண்டும் நடுவுல வந்து ஒட்டணும். ஒட்டலன்னா தப்பு உன்னோடது" என்கிறார். பெரிய மேதாவி.

ஜூன் 12
இவருக்குக் கொஞ்ச நாளாக நெஞ்செரிச்சல். நான் உயிரை வாங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனார். "ரிஃப்ளக்ஸ்" என்றாராம் டாக்டர்; வயிற்று அமிலம் மேலே ஏறி வருகிறதாம். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோபுர உச்சியில் குளிர்ந்த திரவத்தில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே இறக்குவோமே, அதற்கும் இதே பெயர்தான். இறக்க இறக்கச் சுத்தம் கூடும். "எனக்குள்ள வேலை நல்லாத்தான் நடக்குது, நீ கவலைப்படாத" என்றார்.

ஜூலை 3
மாத்திரை கேட்கவில்லை. சோறு தொண்டையிலேயே நிற்கிறதாம். "ரிஃப்ளக்ஸைக் கொஞ்சம் குறைங்க சார்" என்று ஆபீஸிலும் கேலி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஜூலை 9
கோடுகள் ஒட்டவில்லை. இரண்டு முறை என்னுடையதைச் சரிபார்த்தேன். தப்பு இவருடையதில். உச்சியில் வேண்டிய சுத்தம் 0.96. ரிஃப்ளக்ஸ் விகிதம் மூன்று; அதோடு ஒன்றைக் கூட்டி, அந்த 0.96ஐ நான்கால் வகுக்க வேண்டும். மூன்றாலேயே வகுத்திருக்கிறார். 0.24இல் தொடங்க வேண்டிய கோடு 0.32இல் நிற்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் செய்கிற தப்பு. இவரா?

"என்னங்க இது?" என்று நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "வலிக்குதுடி" என்றார். நாளைக்கே வேறு டாக்டர்.

ஜூலை 15
உணவுக்குழாயில் புற்றுநோய். ஈரலுக்கும் போய்விட்டதாம்.

ஜூலை 16
அந்த வார்த்தை மட்டும் எங்களுக்கு வேடிக்கையாகப் படாமல் இருந்திருந்தால்? வேறு யாராவதாக இருந்தால் பயந்திருப்பார்களே — முன்னாடியே ஓடியிருப்பார்களே. புது டாக்டரிடம் கேட்டேன். "அப்பவும் பெரிசா மாறியிருக்காதும்மா" என்றார். எனக்காகச் சொல்கிறாரோ என்னவோ. என்னத்த எழுதறது. அழுகையா வருது.

ஆகஸ்ட் 21
ஆஸ்பத்திரி. தண்ணீர்கூட இறங்கவில்லை. "மேல்கோட்டையும் நீயே போட்டுடு" என்றார். முடியாது என்றேன். "பிடிவாதம் பிடிக்காதடி. ஒண்ணைக் கூட்ட மட்டும் மறந்துடாத." இந்த நிலைமையிலும் நக்கல். வெளியே வந்து அழுதேன்.

செப்டம்பர் 14
காரியமெல்லாம் முடிந்த பிறகு இன்றுதான் ஆபீஸ் போனேன். மேல்கோட்டை நானே போட்டேன். பதினெட்டுத் தட்டு. கோடுகள் ஒட்டின. காட்ட ஆளில்லை.

மே 20
கோபுரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆலையிலிருந்து ஆபரேட்டர் போன் செய்தார். நேரில் பார்த்ததில்லை, வரைபடத்தில் இருக்கும் எங்கள் இருவர் பெயரைத் தவிர எங்கள் ஆபீஸ் சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாது. "மேடம், உச்சியில சுத்தம் தொண்ணூத்தாறு பர்சென்ட் வருது. காலையிலேர்ந்து ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. சார்கிட்ட சொல்லிடுங்க, ரொம்ப சந்தோஷப்படுவாரு."

"சொல்றேன்" என்றேன்.