நாங்கள் போடாத வாக்கு

2022 யூலை 18, திங்கள்
சோளகக் காற்று பலம். டீசல் இல்லை, இங்கே நெடுந்தீவுக்குப் படகு நாளுக்கு ஒரு தடவைதான். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்று. கூட்டுறவுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் கேட்க வேண்டும்.

காலையில் ஒரு போன். தெரியாத ஆண் குரல். "உங்கட மனுசன் எம்.பி.யின்ர ட்ரைவர்தானே? ஜனாதிபதி வாக்கை ஐயா ஆருக்குப் போடப்போறார்?" தெரியாது என்று வைத்துவிட்டேன்.

உடனே கொழும்பில் இருக்கும் என் மனுசனுக்குப் போன் எடுத்தேன். "ஆர் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லும்" என்றார் இவர். உங்களுக்குத் தெரியுமோ என்றேன். மாட்டுக்குத் தண்ணி வைச்சாச்சோ என்று கேட்டார். தெரியும் போல.

யூலை 19, செவ்வாய்
நித்திரை இல்லை. ரேடியோவில் விளக்கினார்கள். ஜனாதிபதி இடையில் விலகிவிட்டதால் மிச்சக் காலத்துக்கு ஆளைத் தெரிவு செய்வது பாராளுமன்றமாம். அரசியலமைப்பு அப்படி. மூன்று பேர் போட்டி. எம்.பி.மார் 1, 2, 3 என்று விருப்பத்தை இட வேண்டும். நாளைக்கு இரகசிய வாக்கு.

இவரின் தங்கை வந்தாள். "நாங்கள் போடாத வாக்குக்கு நாங்கள் ஏன் மச்சாள் பயப்பிடுறது?"

"எம்.பி.யைக் கேக்க ஏலாது. ட்ரைவரைத்தானே பிடிப்பாங்கள்."

மே மாதக் கலவரத்தில் எம்.பி.மாரின் வீடுகள் எரிந்தன. இவர் படுப்பது அந்த ஐயா வீட்டுக் கராஜில்.

யூலை 20, புதன்
வாக்கெடுப்பு. இவர் போன் ஓஃப். பின்னேரம் கடையில் "ஆள் தெரிஞ்சாச்சு" என்றார்கள். ஆர் என்று கேட்கவும் தோன்றவில்லை.

இருட்ட முன் இவர் போன் எடுத்தார். பெற்றோல் வரிசையில் இரண்டு பேர் மறித்தார்களாம். ஐயா ஆருக்குப் போட்டவர் என்று கேள்வி. தெரியாது என்றாராம். வாகன நம்பரைப் படம் எடுத்தார்களாம்.

"வேலையை விட்டிட்டு வாங்கோ" என்றேன். அழுதுவிட்டேன்.

"ஐயாவிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

யூலை 22, வெள்ளி
பஸ்ஸில் வந்து காலைப் படகு பிடித்தார். மெலிந்துவிட்டார். சவரம் இல்லை.

ஐயா ஆருக்குப் போட்டவர், என்னிடமாவது சொல்லுங்கோ என்றேன்.

"கேக்காதையும். தெரிஞ்சால் நீரும் பொய் சொல்லோணும்."

சாப்பாடு போட்டேன். முதலில் கதவைச் சாத்தச் சொன்னார். நடு மத்தியானம். இந்தத் தீவில் பகலில் ஆரும் கதவு சாத்துவதில்லை.

சாத்தினேன்.