நக்கமால் வாசலில் ஒரு குழாய்

சேசு மரி சூசை துணை

மவுண்ட் ரோஸ்கில்,
ஒக்லாந்து.
14.10.1996

அன்புள்ள ஷெல்டனின் அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். அந்தத் தீவு வெயிலில் உங்கள் பாடு எப்படி? ஷெல்டனுக்கு இருமல் விட்டுவிட்டது. ஷாமிலா நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலிசில் பதில் சொல்கிறாள். அவளின் வாய்க்கு நீங்கள்தான் சரி.

உங்கள் கடிதமும் நீங்கள் போட்ட தண்ணீர்த் திட்டப் படமும் கிடைத்தன. ஊர் ஆண்கள் கூடிப் பேசும் நக்கமாலில் உங்களையும் இருத்தி, சிரட்டையில் காவா என்ற மயக்கும் வேர்ச்சாறு தந்து, குழாயை அங்கேயே ஆலமரத்தடியில் வைப்பதென்று ஒருமனதாக முடிவெடுத்தார்களாம். இந்த மனுசனுக்கு வனுவாட்டுவிலும் ஒரு கமிட்டி கிடைத்துவிட்டதே என்று சிரித்தேன்.

படத்தை வேலைக்குக் கொண்டுபோய் ரூத்திடம் காட்டினேன். என்னோடு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிறவள், அதே தீவுக்காரி. அவள் சிரிக்கவில்லை. பின்னேரமானால் ஆண்கள் அங்கே காவா குடிக்கக் கூடிவிடுவார்கள், அதைப் பெண்கள் கண்ணாலும் பார்க்கக்கூடாது, அந்தப் பாதையால்கூடப் போகமாட்டார்கள் என்றாள். பகலெல்லாம் தோட்டத்தில் நிற்கிற பெண்கள் சமையலுக்குத் தண்ணீர் எடுக்க வருவது அந்த நேரத்தில்தானாம். குழாய் வந்தாலும் பழையபடி ஆற்றுக்குத்தான் இறங்குவார்கள் என்றாள். ஒருமனதாம்! யாருடைய மனதைக் கேட்டீர்கள்?

கோவிக்க வேண்டாம். நானும் ஆறு வருசமாக ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அகதி முகாமில் நீங்கள் கமிட்டிச் செயலாளர். பெண்களின் கக்கூசை, ஆண்கள் கூடியிருந்து கதைக்கிற கொட்டிலுக்கு நேர் எதிரே போட்டீர்கள். அத்தனை பேர் முன்னால் போக வெட்கப்பட்டு, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். நானும்தான், ஆறு மாத வயிற்றோடு. அந்தப் பிள்ளை தங்காததற்கு அதுதான் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் இடத்தை மாற்றியிருப்பீர்கள். வெட்கத்தில் உங்களிடம்கூட நான் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அந்தப் பெண்களால் நக்கமாலுக்குள் கால்வைக்க முடியாது. உங்களால் முடியும். அவர்கள் வழக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். அது அவர்கள் ஊர். குழாயைத் தள்ளி வைக்க மட்டும் கேளுங்கள். சேர்ச் வளவுக்குள் என்றால் எந்த நேரமும் எல்லாரும் போகலாம் என்று ரூத் சொல்கிறாள். எடுத்த முடிவை மாற்றினால் எஞ்சினியருக்கு மரியாதை போய்விடும் என்று யோசிக்காதீர்கள். போனால் போகட்டும்.

டிசம்பரில் நத்தாருக்கு வர டிக்கெட் போட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வேலை இழுபட்டால் மாற்றுங்கள். பிள்ளைகளை நான் சமாளிப்பேன். உங்களைக் காண எவ்வளவு ஆசையாக இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். என்றாலும் குழாய் இடம் மாறாமல் வர வேண்டாம்.

நீங்கள் அந்த ஆண்கள் நடுவில் எழும்பி நிற்கும்போது மாதா உங்கள் நாவில் இருப்பாளாக. எனக்காகவும் ஒருக்கால் பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மனைவி
பேர்ணடெட்