நீ கண்டுபிடித்த கடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் கொஞ்ச நாளாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் கிடக்கிறது. அங்கே உனக்கு இரண்டும் நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன், நான் வாயைத் திறக்கும்போது உனக்கு வேறு போன் வந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தம்பி சுகமாக இருக்கிறான். புது வேலையில் சம்பளம் கூடியிருக்கிறது, தலைமுடி குறைந்திருக்கிறது. போன மாதம் எனக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக்கொண்டு வந்து இறக்கினான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் ஒன்று. அவன் ஆசையாகத்தான் கொடுத்தான், நானும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டேன், இப்போது அதன் மேல் வெங்காயக் கூடை உட்கார்ந்திருக்கிறது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்து, ஆமாம் ஒழுகுது என்று சொல்லிவிட்டுப் போனார். இதெல்லாம் நல்ல சேதி. இனி எழுதப் போவது அப்படி இல்லை.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். உன் கட்டுரை நன்றாக ஓடியிருக்கிறது, அதைப் புத்தகமாகப் போடக் கேட்கிறார்கள், அதே மாதிரி யாருக்கும் தெரியாத சின்ன பார், சின்னச் சாப்பாட்டுக்கடை நாலைந்து உனக்குத் தெரிந்திருக்குமே, சொல்லும்மா என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். சொல்ல மாட்டேன். காரணம் சொல்லாமல் விட்டால் அம்மாவுக்கு வயசாகிவிட்டது, முரண்டு பிடிக்கிறாள் என்று நினைப்பாய். அதனால் எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

எங்கள் சாயங்காலக் கடையைக் கண்டுபிடித்தேன் என்று அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தாய். நகரம் ஒளித்து வைத்திருந்த இடம் என்று தலைப்பு வேறு. யார் ஒளித்து வைத்தது? பஞ்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், மெயின் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, பாதி ஷட்டரோடு அது பாட்டுக்கு இருக்கிறது. போர்டு இல்லை, அவ்வளவுதான். குனிந்து உள்ளே போனால் ஒரு நீளப் பலகை, ஸ்டூல்கள், சுவரில் ஒரு காலண்டர். சூப் உண்டு, ரொட்டி உண்டு, முட்டை உண்டு, பீர் உண்டு. நாள் முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வருகிற எங்களுக்கு ஒரு டம்ளர் பீரும் ஒரு கிண்ணம் சூப்பும், பொம்பளைங்களுக்கு இங்க என்ன வேலை என்று கேட்காத ஓர் இடமும் போதும். நாங்கள் சலவைக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் வருஷக்கணக்காக அங்கேதான் இருந்தோம். நாங்கள் என்ன காணாமலா போயிருந்தோம், நீ வந்து கண்டுபிடிக்க?

லீவில் வந்தபோது உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் மகள், பத்திரிகையில் எழுதுகிறாள் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். கடைக்காரி உனக்குப் பெரிய முட்டையாகப் பார்த்துப் பொரித்தாள். பலகையில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை நீ படம் எடுத்தாய். அது என்ன என்று என்னைக் கேட்கவில்லை. உன் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் போய், இறந்துபோனவர்களுக்காக அங்கே டம்ளரைக் கவிழ்த்து வைத்துத் துக்கம் கொண்டாடுகிறார்கள் என்று எழுதினாய். என்னோடு சலவைக்கூடத்தில் இருந்த எக்ஸ்பிரஸ் அத்தை தாமதமாக வந்து ஒரு டம்ளரை நிமிர்த்தி வைத்துக் குடித்தாளே, அவளைப் பற்றி, பிரிந்த கணவனை நினைத்துக் குடிக்கும் பெண் என்று போட்டிருந்தது. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று உனக்குத் தெரியாதா? நான் எழுதலம்மா, ஆசிரியர் சேத்துட்டார் என்பாய். இருக்கட்டும். படத்தில் மூலையில் இருந்த என்னை ஒரு முதிய சலவைத் தொழிலாளி என்று போட்டிருந்ததும் ஆசிரியர்தானா? அவருக்கு உன் அம்மாவைத் தெரியாமல் இருக்கலாம்.

அது துக்கம் இல்லையடி. முதலில் வருகிறவள், பின்னால் வரப்போகிறவளின் இடத்தில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைப்பாள். ஆள் வருகிறாள், இங்கே உட்காராதே என்று அர்த்தம். வந்தவள் நிமிர்த்தி வைப்பாள், கடைக்காரி ஊற்றுவாள். கடை எடுத்துவைக்கும்போது ஏதாவது ஒரு டம்ளர் கவிழ்ந்தபடியே இருந்தால், அந்தப் பக்கமாக வீட்டுக்குப் போகிறவள் அவள் கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தலைவலி என்பாள், சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்பாள், தூங்க விட மாட்டீங்களாடி என்று திட்டுவாள். திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போவோம். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நான் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தேனே, அன்றைக்கு எக்ஸ்பிரஸ் வந்து கதவைத் தட்டியது அப்படித்தான். அந்த வாரம் முழுக்க உனக்குத் தலை பின்னிவிட்டதும் தம்பிக்குச் சோறு ஊட்டியதும் அவள். அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்று நீ அப்போதும் கேட்கவில்லை. அப்போது சின்னப் பிள்ளை, விட்டுவிடலாம்.

உன் கட்டுரை வந்த பிறகு பஞ்சர் கடை வரைக்கும் வரிசை நின்றது. பாவம், நல்ல பிள்ளைகள்தான், வாசனையாக வந்தார்கள், எங்களுக்கு வணக்கம்கூடச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அக்கா கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா, ஒரே ஒரு போட்டோ என்றார்கள். ஆளாளுக்கு ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, கண்ணை மூடி, செத்துப்போன தாத்தாவை நினைத்து, படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் நாயை நினைத்துக் கவிழ்த்தாள். கடைக்காரியைக் குறை சொல்ல மாட்டேன். வர்றவங்களை வேணாம்னு சொல்ல முடியுமாக்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், நானும் முடியாதுதான் என்றேன். பாதி ஷட்டர் போய் முழுக் கண்ணாடிக் கதவு வந்தது. உன் கட்டுரையைச் சட்டம் போட்டு, காலண்டர் இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டாள். எங்களில் சிலர் ஒரு வாரம் நின்று பார்த்தார்கள், கால் கடுத்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள். நானும் எக்ஸ்பிரஸும்தான் விடாப்பிடியாகப் போய்க்கொண்டிருந்தோம். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது, தனிக்கட்டை, அவளுக்கு வெளியே போக இருந்த ஒரே இடம் அதுதான். ஓய்வு பெற்ற பிறகும் தாமதமாகத்தான் வருவாள். எங்கள் வாயில் அந்தப் பெயர் வாங்கியதே அதனால்தானே.

அன்றைக்கும் அவள் இடத்தில் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பலகை முழுக்கக் கவிழ்ந்த டம்ளர்கள். ஒரு கூட்டம் பிறந்தநாள் கொண்டாட வந்து என்னை நகரச் சொன்னது, பிறகு இன்னும் கொஞ்சம் நகரச் சொன்னது. சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவள் வந்தால் கடைக்காரி பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கடை எடுத்துவைக்கும்போது எல்லா டம்ளரும் கவிழ்ந்துதான் கிடந்தனவாம். கடைக்காரி மொத்தத்தையும் தட்டில் வாரிக் கழுவப் போட்டுவிட்டாள். எது யாருக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எக்ஸ்பிரஸ் அன்று சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அடுப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கத்திப் பார்த்திருக்கிறாள், கீழ்வீட்டில் டிவி சத்தம். மறுநாள் முழுக்க அங்கேயே கிடந்தாள். அதற்கும் அடுத்த நாள் காலையில், வாசலில் இரண்டு நாள் பால் பாக்கெட் கிடப்பதைப் பார்த்துத்தான் கீழ்வீட்டுக்காரர் கதவை உடைத்தார். ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் சொன்னாள், வலிகூட அப்புறம்தான்டி, இப்ப தட்டுவாங்க, இப்ப தட்டுவாங்கன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன் என்று. நான் அன்றைக்கு அவள் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடந்து வந்தேன். பிறந்தநாள் கூட்டத்தைத் திட்டிக்கொண்டே, அவள் வாசலைத் தாண்டித்தான் வந்தேன்.

இப்போது ஊருக்கு வெளியே அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இனிமேல் எழுந்து நடப்பாள் என்று டாக்டர் சொல்லவில்லை, நடக்க மாட்டாள் என்றும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். அண்ணன் மருமகள் குறை வைக்காமல் பார்க்கிறாள், ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறாள். நீ எழுதிய பக்கத்தைக் கிழித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள் உன் அத்தை. ஊசி போட வருகிற நர்ஸிடம்கூட, நம்ம பொண்ணு எழுதினது என்று காட்டுகிறாள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அவளோ சிரிக்கிறாள். இத்தனை வயசுக்கப்புறம் எனக்கு ஒரு புருஷன் கெடச்சிருக்கான்டி, அதுவும் தொந்தரவே இல்லாதவன் என்கிறாள். உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நல்லதுன்னு நெனச்சு எழுதின புள்ள, மனசு ஒடிஞ்சிரும் என்றாள். அவள் மாதிரி எனக்குப் பெரிய மனசு இல்லை. சத்தியம் பண்ணாமலே பஸ் ஏறி வந்துவிட்டேன். கொஞ்சம் ஒடியட்டும். ஒடிந்த மனசோடு உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நாலு பேர் படித்து உன்னைப் புகழ்வதற்கு இல்லை, அவள் ஒருத்தி படிப்பதற்கு. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுது, பதில் வரும்வரை பொறுத்திரு.

உனக்கு இன்னும் நாலைந்து கடை வேண்டும் என்றாய். எனக்குத் தெரிந்தது பத்துக்குக் குறையாது. வருத்தம்தான், நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது, ஒருவேளை அங்கேதான் தப்பு நடந்ததோ என்னவோ. ஒன்றுக்குக்கூட உனக்கு வழி சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கிற நாங்கள் இப்போது வேறு இடம் பார்த்துக்கொண்டோம். எந்தத் தெரு என்று கேட்காதே. மேஜை ஆடும், சூப்பில் உப்பு தூக்கல், விளக்கு கண்ணைக் குத்தும், ஆனால் உட்கார இடம் இருக்கிறது. கடைக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாலு வார்த்தை கேட்காமல் யாரையும் சாப்பிட விட மாட்டார். முதல் நாளே, பிள்ளைங்க என்னம்மா பண்றாங்க என்று கேட்டார். மகன் கம்பெனியில இருக்கான் என்றேன். மக உண்டா என்றார். நீ முதல் முதலாக எழுதியதை சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திப் படிக்க வைத்தவள் நான். என் பெண் பத்திரிகையில் எழுதுகிறாள் என்று சொல்லச் சொல்ல எனக்கு வாய் வலித்ததே இல்லை. அவர் அப்படிக் கேட்டதும், கூட இருந்த எங்கள் பெண்கள் எல்லோரும் சூப்பைக் குடிக்காமல் என் வாயையே பார்த்தார்கள். மக துணிக்கடையில கணக்கு எழுதுறா என்று சொல்லிவிட்டேன். ஒருத்தியும் மறுக்கவில்லை, கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. கடைக்காரர், நல்ல வேலைம்மா, உக்காந்த எடத்து வேலை என்றார். வீட்டுக்கு வந்து வெங்காயக் கூடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சாப்பாடும் ராத்திரியில் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும், போகிற இடமெல்லாம் உன்னை உட்கார வைத்துச் சோறு போடுகிறவர்கள் அமையட்டும். பெற்றவளின் கோபத்துக்கு ஆயுசு குறைவுதான், ஆனாலும் இந்தக் கோபம் இன்னும் சாகவில்லை, பொறுத்துக்கொள். அத்தைக்கு எழுத மறக்காதே, விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். லீவு கிடைத்தால் வா. சாயங்காலம் என்னோடு அந்தக் கடைக்கும் வா, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவர் உன்னிடமும் கேட்பார். துணிக்கடை என்றே சொல்லிவிடு, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா